ஜெபமணி பார்த்துக் கொடுத்த பேரல்

போன வியாழக்கிழமை காலை காதர்பேட்டையில் ஒரு கடை வாசலில் நின்றிருந்தபோது செல்போன் அடித்தது. திரையில் ஜெபமணியின் பெயர். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு வருகிறேனா என்று கேட்கக் கூப்பிடுகிறார் என நினைத்து, "சொல்லுங்க ஜெபமணி, வந்துருவனுங்க" என்றேன். மறுமுனையில் பெண் குரல். அவருடைய மனைவி ஸ்டெல்லா.

"யக்கா, அவுக போயிட்டாக."

ஒரு நிட்டிங் யூனிட்டில் மெஷினுக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் அடங்கிவிட்டது. நாற்பத்திரண்டு வயது. என் பக்கத்தில் பனியன் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி நான் ஒரு தப்புச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வேன் என்ற பயம்.

நம் ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெபமணி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். வட்டப் பின்னல் மெஷின்களின் மெக்கானிக். நானும் வீட்டுக்காரரும் நடத்தும் பனியன் யூனிட்டுக்கு அவர் முதன்முதலாக வந்தபோது துணியில் நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே இருந்தது. நூற்றுக்கணக்கான ஊசிகளில் கெட்டது எது என்று தேடி இரண்டு பேர் தோற்றுப்போயிருந்தார்கள். இவர் மெஷினை நிறுத்தினார், மெயின் சுவிட்சை அணைத்தார், அதற்கு மேலும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கையை உள்ளே விட்டார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க ஜெபமணி, அத்தனை பயமா?"

"ஆமா அண்ணாச்சி. எனக்கு எல்லாத்துக்கும் பயம்தான்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பிறகு விரலால் தடவிப் பார்த்தே அந்த ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்த விரல்களுக்காகத்தான் நாங்கள் அவரைக் கிளப்புக்கு அழைத்தோம். குண்டடம் போகும் வழியில், சோளக்காட்டை ஒட்டிய நம் ரேஞ்சுக்கு ஒரு ரைபிளின் போல்ட் சிக்கிக்கொண்டதைப் பார்க்க வந்தவர், பிறகு உறுப்பினராகவே ஆகிவிட்டார். சுமாராகத்தான் சுடுவார். ஆனால் வாரம் ஒருமுறை எல்லா ரைபிள்களையும் சுத்தம் செய்து சோதிக்கும் வேலையைக் கிளப் செயலாளர் மேஜர் சார் அவரிடம் ஒப்படைத்திருந்தார்.

மூன்றாம் நம்பர் ரைபிளின் கதை மூன்று வருடத்துக்கு முந்தியது. பழைய உறுப்பினர்களுக்கு அதன் முடிவு தெரியும். நடந்தது முழுவதும் தெரியாது.

மாநிலப் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. படுத்துச் சுடும் பிரிவில் என் பெயரும் அணியில் இருந்தது. முப்பத்தெட்டு வயதில், தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விஷயம். ஒரு ஞாயிறு மதியம், எல்லோரும் கிளம்பும் நேரத்தில் கடைசிப் பத்துத் தோட்டாக்களை அவசரமாகச் சுட்டுக்கொண்டிருந்தேன். ரேஞ்ச் பொறுப்பாளர் மறுகோடியில் யாரிடமோ பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஏழாவது தோட்டாவில் சுளீரென்று கேட்க வேண்டிய ஓசை கேட்கவில்லை. 'பொத்' என்றது.

அப்படிக் கேட்டால் நிறுத்த வேண்டும், பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. வெடிமருந்து குறைந்த தோட்டாவாக இருந்தால் ஈயக்குண்டு பேரல் குழாய்க்குள்ளேயே நின்றிருக்கும்; அடுத்ததைச் சுட்டால் பேரலே வெடிக்கலாம். காற்றுதான் ஓசையை அடித்துப் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டேன்.

ரைபிள் என் தோளில் வேறு விதமாக உதைத்தது. வலது கன்னத்தில் சுடச்சுட ஏதோ ஊதியது. காது இரைந்தது. சில நொடிகள் கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தேன், பார்வை இருந்தது. போல்ட்டைக் கழற்றிப் பேரலின் பின்வாய் வழியே பார்த்தேன். மறுமுனை வெளிச்சம் தெரிந்தது. இரண்டு குண்டும் போய்விட்டன. ஆனால் நடுவில், உட்சுவரில், வளையல் போல ஒரு கறுப்பு வளையம். பேரல் அந்த இடத்தில் உப்பிவிட்டது.

சொன்னால் அணியிலிருந்து பெயர் போய்விடும். என் வீட்டுக்காரர் இனி இந்தப் பக்கமே விடமாட்டார். ரைபிளைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். மீதித் தோட்டாக்களைப் பெட்டியோடு அலமாரியில் வைத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஜெபமணியின் போன் வந்தது. சுத்தம் செய்யும் கம்பி பேரலின் நடுவில் ஓரிடத்தில் பிடிமானம் இல்லாமல் வழுக்கியதைக் கண்டுபிடித்திருந்தார்.

"யக்கா, மூணாம் நம்பரைக் கடைசியா யாரு சுட்டதுன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியலீங்களே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அன்று முழுவதும் நான் கையில் எடுத்த பீஸ்களில் எது நல்லது, எது ஓட்டை என்று தெரியவில்லை. கன்னத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். செவ்வாய் மதியம் அவர் மொபெட்டில் எங்கள் யூனிட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அலமாரியில மூணு பெட்டி பிரிச்சுக் கிடக்கு. மூணையும் பூட்டி வச்சிருக்கேன். மேட்ச் வருது, தோட்டா தட்டுப்பாடு, சாயந்திரம் திறக்கச் சொல்றாரு மேஜர் சார். கெட்ட தோட்டா ஒண்ணு இருந்த பெட்டியில இன்னொண்ணு இருக்கலாம்க்கா. யாரு சுட்டதுன்னு நான் கேக்கல. எந்தப் பெட்டி? அது மட்டும் வேணும்."

அன்று மாலை கிளப் உறுப்பினரான டாக்டரும் இரண்டு கல்லூரி மாணவிகளும் சுட வருவார்கள். நான் பயந்தது என் பெயருக்காக. அந்த மூன்று பேரின் முகம் அதுவரை என் நினைவுக்கு வரவே இல்லை. அது தெரிந்ததும் எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது.

"பச்சை லேபிள் ஒட்டுனதுங்க. மேல் தட்டுல இருந்தது. நான்தானுங்க ஜெபமணி. நான்தான் சுட்டேன்."

அவர் துணிக் கட்டு ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "நல்லா இருப்பீக. சொல்லிட்டீக" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பச்சை லேபிள் பெட்டியைத் தனியே கட்டப் போய்விட்டார். அது தோட்டா விற்ற கடைக்கே திரும்பிப் போனது. என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பேரலை மாற்றுவது என்று கமிட்டி முடிவு செய்தது. வீரபாண்டியில் லேத் பட்டறை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர், "நம்ம பட்டறையிலேயே ஒண்ணு கடைஞ்சுடலாமுங்க" என்றார். ஜெபமணி கூட்டத்தில் குரலை உயர்த்தியதை அன்றுதான் பார்த்தேன். "சட்டமும் விடாது சார், மருந்தும் விடாது. அது வெடிச்சா நம்ம கணக்கைக் கேட்டுட்டா வெடிக்கும்?" புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதிக்கே பல மாதம் ஆகும். கோயம்புத்தூரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றில், இதே மாடலிலிருந்து கழற்றிய இரண்டு பேரல்கள் இருப்பதாகத் தெரிந்தது. பார்த்து வரும் பொறுப்பு ஜெபமணிக்கு வந்தது. "இந்த அக்காவும் வரட்டும். மூணாம் நம்பரை அதிகமா சுடுறது அவுகதான்" என்றார்.

கடைக்காரர் இரண்டையும் கம்பளித் துணியில் எடுத்து வைத்தார். ஒன்று உள்ளும் புறமும் கண்ணாடி போல மின்னியது. மற்றொன்று மங்கல், மேலெல்லாம் கீறல். "இதையே எடுத்துக்குங்க" என்று மின்னியதைக் காட்டினார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஜெபமணி அவசரப்படவில்லை. தோட்டா அமரும் பின்வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அங்கே அரிப்பு இருந்தால் பேரல் முடிந்தது என்று அர்த்தம். இரண்டிலும் அரிப்பு இல்லை. பிறகு பையிலிருந்து மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவிப் பின்வாயில் அமர்த்தி, வழவழப்பான கம்பி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"நீங்க தள்ளுங்கக்கா. மெதுவா."

"எனக்கென்னங்க தெரியும்?"

"துணியில லூஸு எங்க, டைட்டு எங்கன்னு உங்க விரலுக்குத் தெரியுமில்ல? அதான் இதுவும்."

மின்னிய பேரலில் ஈயம் இறுக்கமாகப் போனது. இன்னும் போனது. வாய்முனைக்கு நாலு விரற்கடை இருக்கும்போது சட்டென்று வழுக்கியது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல என் உடம்பு தூக்கிப்போட்டது. வெளியேறும் இடத்தில் குண்டுக்குப் பிடிமானம் இல்லையென்றால் குறி நிற்காது. அடுத்து மங்கலான பேரல். அதில் உருண்டை ஒரே சீராகப் போய், கடைசியில் இம்மியளவு கூடுதலாக இறுகி வெளியே வந்தது.

"எது?" என்றார்.

நான் ஒரு சொல் சொன்னால், அந்த இரும்பின்மேல் இனிப் பத்துப் பேர் கன்னம் வைக்கப்போகிறார்கள். "நீங்களே சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அவர் கம்பியைத் துடைக்கத் தொடங்கினார்.

"மங்கலா இருக்கறதுங்க. கடைசி வரைக்கும் விடாமப் புடிச்சுதுங்க."

அதன்பிறகுதான் தானும் தள்ளிப் பார்த்துத் தலையசைத்தார். வாய்முனை விளிம்பில் மயிரிழை அளவு வெட்டு இருந்ததை லென்ஸில் காட்டி, அதைச் சீவிச் சரிசெய்தால்தான் எடுப்போம் என்றார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பேரலை மாட்டி, ஸ்டாண்டில் பூட்டித் தூரத்திலிருந்து கயிற்றால் இழுத்துச் சுட்டுச் சோதித்து, லைசென்ஸில் பதிந்து கொடுப்பதும் அவர் வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "இத்தனை பயத்தை வச்சுக்கிட்டு எதுக்குங்க ரைபிள் கிளப்புக்கு வந்தீங்க?"

கருமத்தம்பட்டி தாண்டும்போது சொன்னார். அவருடைய மூத்த அக்கா ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குப் பக்கத்து அறையில் வேலை பார்த்தாராம். ஒருநாள் காலையில் கலந்த மருந்து சூடேறியது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவையும் சேர்த்து நாலு பேர் போனார்கள்.

"அந்த ஆளு தப்பிச்சிட்டாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்லக்கா. அவரும் பயந்துதான போனாரு? பயந்தா நிறுத்தலாம், ஓடலாம், கத்தலாம். மறைக்கத்தான் கூடாது. மருந்தைப் பத்தி யாரோ வந்து சொல்லட்டும்னு காத்திருக்க எனக்கு முடியல. அதான் வந்தேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னை அவர் அந்த ஆளோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ரைபிள் திரும்பி வந்த ஞாயிறு, மாற்றிய பேரலில் முதலில் சுட என்னைத்தான் கூப்பிட்டார் மேஜர் சார். பாயில் படுத்தேன். கன்னத்தை வைக்க முடியவில்லை. பத்து நிமிடம் அப்படியே கிடந்தேன். எழுந்து, அத்தனை பேர் முன்னிலையில், "பழைய பேரலைக் கெடுத்தது நானுங்க. தெரியலைன்னு பொய்யும் சொன்னேன்" என்றேன். டாக்டரின் முகம் வெளுத்துப்போனது. மேஜர் சார் என்னை அணியிலிருந்து எடுத்தார், ஆறு மாதம் சுடக்கூடாது என்றார். நியாயமான தண்டனை. அன்று முதல் தோட்டாவைச் சுட்டது ஜெபமணி. பாயில் படுத்த அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியதை எல்லோரும் பார்த்தோம். அடக்கிக்கொள்ள அவர் முயலவில்லை. நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தார், சுட்டார், போல்ட்டைத் திறந்து பேரலுக்குள் பார்த்தார். பிறகு அடுத்த தோட்டாவை எடுத்தார். அந்த வருடம் மூன்றாம் நம்பரோடு போட்டிக்குப் போன டாக்டர் வெண்கலம் வாங்கி வந்தார். நான் கைதட்டினேன். வயிறு எரிந்தது உண்மை. நிம்மதியாக இருந்ததும் உண்மை.

அடக்கம் முடிந்து வந்த மறுநாள், எங்கள் யூனிட்டில் குழந்தைகள் சட்டை ஆர்டர். எல்லாப் பெட்டிகளையும் ஒட்டியாகிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரி வாசலில் நிற்கிறது. டெய்லர் மாரியம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றாள். காலையில் அவள் மெஷினில் ஊசி உடைந்ததாம். நுனித் துண்டு கிடைக்கவில்லை. பயந்து சொல்லாமல் இருந்துவிட்டாள். ஏதோ ஒரு குழந்தையின் கழுத்துப் பட்டியில் அந்த நுனி இருக்கிறது. லாரியைச் சரக்கு ஏற்றாமலே திருப்பி அனுப்பிவிட்டேன். பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னேன். மாரியம்மாளை என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டையாகத் தடவினோம். சாயங்காலம் ஒரு தோள் தையலில் அது அவள் விரலில் குத்தியது. ஓவென்று அழுதாள்.

"சொன்னயே கண்ணு" என்றேன். அவள் விரலில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டேன்.

தைரியசாலிகள் பலரை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். ஜெபமணியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது தைரியம் இல்லை. மறைக்காத பயம். அது என்னிடம் பத்திரமாக இருக்கும்.