பாச்சாவின் ரயில் முறை

பாச்சாவுக்கு ரயில் என்றால் உயிர். ஏறிப் போவதில்லை. செங்கல்பட்டுக்குக்கூடப் பஸ்தான். காஞ்சிபுரம் ஸ்டேஷன் அவர் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். அங்கே யாரும் சும்மா நின்று ரயில் பார்க்கலாம் என்பதால் அவருக்கு அதில் மதிப்பில்லை.

2006இல் சின்னக் காஞ்சிபுரத்தில் பிராட்பேண்ட் வாங்கினார். சுவிட்சர்லாந்தில் ஏதோ மலை ஸ்டேஷனில் கேமரா வைத்து, போகிற ரயிலைப் போகிறபோதே காட்டினார்கள். சந்தா கட்டினால் வருஷம் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் ஒரு சமயத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான். பாச்சா, அவருடைய சித்தப்பா மகன் ராம்ப்ரஸாத், அக்கா ரமாமணியின் கணவர் ராஜகோபால் மூவரும் சேர்ந்து ஒரே சந்தாவாகக் கட்டினார்கள். ராஜகோபாலுக்கு ரயிலில் ருசி கிடையாது. மைத்துனன் கேட்டால் மறுக்கும் தைரியமும் கிடையாது.

ஒரு ரயில், மூன்று பேர். வேறு ஜனங்களாக இருந்தால் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் கோயில் குடும்பத்தார், முறை வைத்தார்கள். கோயில் மடைப்பள்ளியில் தளிகை சமைக்க வாரம் பிரிப்பதைப் போலவே சுவிட்சர்லாந்தையும் பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து, அந்த வாரத்துக்கு மாற்றிய பாஸ்வேர்டை அடுத்தவரிடம் வாய்மொழியாக ஒப்படைக்க வேண்டும். தீட்டு வந்தால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். இந்தக் கடைசி விதி பாச்சா சேர்த்தது.

"கம்ப்யூட்டருக்கு என்னடா தீட்டு?" என்றார் ராஜகோபால்.

"முறைன்னா முறை, அத்திம்பேர்."

அந்த ஸ்டேஷன் வழியாக வருஷத்தில் ஒரே ஒரு நாள் பழைய நீராவி எஞ்சினை ஓட்டுவார்கள். பாச்சா சந்தா கட்டியதே அதற்காகத்தான். தேதி அறிவித்தார்கள். ராம்ப்ரஸாத்தின் வாரத்தில் விழுந்தது.

"வாரத்தை மாத்திக்கலாமேடா" என்று பாச்சா போய்க் கேட்டார்.

"உற்சவ முறைய யாராவது மாத்திப்பாளா? ஆசையா இருந்தா எங்காத்துக்கு வா. பக்கத்துல உக்காந்து பாரு."

"உன் முறைல வந்து நான் கை கட்டிண்டு உக்காரணுமா?"

"அப்போ தனியா ஒரு சந்தா கட்டிக்கோ."

"கட்டினா இதுல என் பாத்தியதைய விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்."

எஞ்சினுக்கு இரண்டு நாள் இருக்கையில் ராம்ப்ரஸாத்தின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உறவினரில் முதலில் ஓடி வந்தவர் பாச்சா.

"குழந்தை சௌக்கியமா? பேஷ். பாஸ்வேர்டைச் சொல்லு."

"எதுக்கு?"

"உனக்குத் தீட்டு. அடுத்த முறை நான்."

ராம்ப்ரஸாத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத் தீட்டுன்னா உனக்கு என்னடா? பங்காளிதானே நீ? ரெண்டு பேருக்கும் அதே பத்து நாள்தான்."

ஊரார் வீட்டுத் தீட்டுக்கெல்லாம் கணக்குச் சொல்கிற பாச்சா, ஆசையில் தன்னைச் சேர்க்க மறந்திருந்தார். பங்காளி அல்லாதவர் ராஜகோபால் ஒருவர்தான். நீராவி எஞ்சின் அவரைப் போய்ச் சேர்ந்தது.

அன்று பாச்சா அக்கா வீட்டு ஜன்னலுக்கு வெளியே, தெருவில் நின்றார். விதியை மீறவில்லை; அங்கிருந்து மானிட்டரின் முதுகும் ராஜகோபாலின் முகமும் மட்டும்தான் தெரிந்தன. அந்த முகத்தில் கொட்டாவி இருந்தது.

"வந்துடுத்தா, அத்திம்பேர்?"

"பனி கொட்டறது."

"இஞ்சின்?"

"கருப்பா ஏதோ வரது."

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ!"

"பொகை."

"அப்புறம்?"

"பொகைதான்டா. ஒண்ணுமே தெரியல."

"எத்தனை பெட்டி கோத்திருக்கான்?"

"பொகைல எதை எண்ணறது? இரு, தெளியறது." ராஜகோபால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போயிடுத்து போலிருக்கே."

ரமாமணி ஜன்னலுக்கு வந்தாள். "தெருவே வேடிக்கை பாக்கறது. ரயில்தான் போயாச்சே, நீயும் போயேன்டா."

தீட்டுக் கழிந்து பாச்சாவின் வாரம் வந்தது. தலைக்குக் குளித்துவிட்டுப் போய்ப் பாஸ்வேர்டை வாங்கி வந்து உட்கார்ந்தார். தண்டவாளம் பனியில் மூடிக் கிடந்தது. அந்த வாரம் அந்தப் பாதையில் ரயில் இல்லை என்று கீழே ஒரு வரி ஓடியது. பேத்தி பிறந்ததற்குச் சர்க்கரை கொண்டுவந்த ராம்ப்ரஸாத் சற்று நேரம் பின்னால் நின்று பார்த்தார்.

"வெறும் வெள்ளையா இருக்கே. அணைச்சுட்டுச் சாப்பிடப் போயேன்."

"என் முறைல நீ யாருடா சொல்றதுக்கு?" என்று பாச்சா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.