என் காலுக்கு முன்னால் அவர் கால்

மூன்றாவது முறையாக என் கணுக்கால் பிசகியபோது, "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்று என் கணவர் எரிந்து விழுந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக அவரிடம் நான் கண்டது இந்தக் கோபத்தைத்தான்.

மறுநாள் தன் ஆட்டோவிலேயே நீலசந்திராவில் இருக்கும் பிசியோதெரபி மையத்துக்குக் கூட்டிப் போனார். கணுக்காலைத் தாங்கும் தசைகள் தளர்ந்துவிட்டதாகவும், காலில் பட்டைகளை ஒட்டி லேசாக மின்சாரம் செலுத்தினால் அவை பலமாகும் என்றும் அங்கிருந்த தெரபிஸ்ட் பெண் சொன்னார். நான் பயந்து எழுந்துவிட்டேன். "கரண்டா? எனக்கு வேணாம்மா."

கணவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "மேடம், ஃபர்ஸ்ட் எனக்கு வைங்க. இவ பார்க்கட்டும்."

"ஹார்ட் பிராப்ளம் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, தெரபிஸ்ட் அவர் காலில் பட்டைகளை ஒட்டி இயந்திரத்தைப் போட்டார். அவர் பாதம் தானாக மேலே எழும்பியது. "ஐயோ!" என்று நாற்காலியை இறுகப் பிடித்தவர், என்னைப் பார்த்ததும் அவசரமாகச் சிரித்தார். "ஒண்ணும் இல்ல கண்ணு, எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கு."

அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. என்னைவிட அவர்தான் அதிகமாகப் பயந்திருந்தார். நான் காலை நீட்டினேன்.

சில வாரங்களில் தடுமாறாமல் படியேற ஆரம்பித்தேன். இப்போதும் அவர் எரிந்து விழத்தான் செய்கிறார். அதெல்லாம் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் என்று தெரியாமல் இத்தனை வருடமும் நானும் பதிலுக்குக் கத்தியிருக்கிறேன். இப்போது கத்துவதில்லை.