ரெஜினா அக்கா வீட்டுச் சனிக்கிழமை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். குழந்தை இப்போதுதான் கண்ணை மூடினாள்.

ரெஜினா அக்கா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை ஆபீஸிலேயே மயங்கி விழுந்து... ஸ்ட்ரோக் என்கிறார்கள். ஐம்பதுகூட ஆகவில்லை. நேற்று அடக்கம்.

தெரியாதவர்களுக்கு... அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் முதல் வேலை, பக்கத்து சீட்டில் சம்பளக் கணக்கு பார்த்தவர். வீடு அண்ணனூரில். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆபீஸ் பெண்கள் எல்லாரும் அவர் வீட்டு மொட்டைமாடியில்தான் இருப்போம். ஆளுக்கு ஒரு காக்டெயில், கூடக் கொறிக்க அக்கா கையால் ஏதாவது.

என் நாத்தனார் இதைப் படித்தால்... ஜூஸ்தான் அண்ணி. வெறும் ஜூஸ்.

அந்தக் கொறிக்கிற ஐட்டத்தை வைத்து அக்கா எங்கள் உயிரை வாங்குவார். சத்தியமாக.

முதல் முறை போனபோது சிக்கன் சிக்ஸ்டிஃபைவும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிப் போனேன். கேட்டிலேயே பையைப் பிடுங்கி அவர் கணவர் ஜோசப் அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

"இன்னாடி இது, மேட்ச் பாக்கவா வந்த?"

"டிரிங்க்ஸுக்கு சைட் டிஷ்க்கா."

"பஜ்ஜி துன்னுட்டு அந்தக் கையோட கிளாஸப் புடிப்ப. கிளாஸ் ஃபுல்லா உன் ரேகை இருக்கும். போலீஸுக்கா குடுக்கப் போறோம்?"

நாங்கள் மேலே போன பிறகு பஜ்ஜி முழுவதையும் அண்ணன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். ரொம்ப சந்தோஷமாக.

அக்காவுக்கு எதுவாக இருந்தாலும் ஒரு வாயில் முடிய வேண்டும். உதிரக் கூடாது, ஒழுகக் கூடாது. காசு அளவுக்குக் குட்டித் தட்டை, அதன்மேல் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர் ஒரு சொட்டு, அதற்கும் மேல் மொறுமொறுவென்று வறுத்த ஒரே ஒரு நெத்திலி. சைவம் என்றால் நெத்திலிக்குப் பதில் வறுத்த கறிவேப்பிலை. அவ்வளவுதான். பெரிய ஹோட்டலில் வைப்பது போல இருக்கும்.

ஆனால் கடைசி ஆள் வந்து, கையில் கிளாஸை வாங்கிய பிறகுதான் தட்டையில் தயிர் வைப்பார். அதுவரை யாருக்கும் கிடையாது.

ஒரு தடவை, எங்களோடு வேலை பார்த்த ஹேமா வந்த டிரெயின் ஆவடியிலேயே நின்றுவிட்டது. நாங்கள் எல்லாரும் பசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அக்கா, எங்களுக்கு மட்டும் வைங்க. அவ வந்தா அவளுக்குத் தனியா வெச்சுக்கலாம்."

"அவளுக்குத் தனியா யாரு வெப்பா, நீயா? நான் அப்போ ஒக்காந்து பேசிக்கினு இருப்பேன்."

"இப்பவே எல்லாருக்கும் சேத்து வெச்சிடுங்க."

"நமுத்துப் போவும். நமுத்தத அவளுக்குக் குடுக்கச் சொல்றியா? இன்னா நியாயம்டி?"

ஹேமா வந்து சேர்ந்ததும் அவளைத்தான் முதலில் சாப்பிட வைத்தார். நான் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்...

பிரசவம் ஆன பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டு வந்தார்கள். குழந்தையோ கையை விட்டு இறங்க மாட்டாள். தட்டில் போட்டுப் பிசைந்து சாப்பிட எனக்குக் கை ஏது? ஆறிப்போன சோற்றைப் பார்த்து அழுகை வரும்.

அக்கா ஒரு டிபன் பாக்ஸோடு வந்தார். குட்டி இட்லியை நெய்யில் வாட்டி, பொடியில் புரட்டி, ஒவ்வொன்றிலும் பல் குத்தும் குச்சி செருகி.

என் மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னாமா இது, பொம்மைக்குப் பொங்கினா மாதிரி கீது?" என்றார்.

"புள்ள ஒரு கையில கீறா. மிச்சம் ஒரு கைதான ஆன்ட்டி இருக்கு," என்றார் அக்கா.

பேசிக்கொண்டே மாமியார் பாதியைத் தீர்த்துவிட்டார். எனக்கு இருந்தது பாதி. அந்தப் பாதியாவது சூடாக இருந்தது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வாரம் முதல் சனிக்கிழமை. இன்று காலை ஜோசப் அண்ணன் போன் செய்தார்.

"சனிக்கிழம எப்பவும் போல வந்துடுங்கம்மா. எங்க அக்கா சண்ட போட்டுக்கினு கீது, சாவு ஊட்ல இன்னா கும்பல்னு. குடிக்கல்லாம் வேணாம், நன்னாரி சர்பத் போடறேன். ரெஜினா ஃப்ரெண்ட்ஸுங்க வராம இருக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன். சொன்னது சரிதானம்மா?"

சரிதான் அண்ணா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

உடனே ஆபீஸ் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். வந்ததெல்லாம் கும்பிடுகிற கை. ஆர்ஐபி. அழுகிற முகம். ஒருத்தி ஓம் சாந்தி போட்டிருக்கிறாள், ரெஜினா அக்காவுக்கு. இன்னொருத்தி "பார்க்கலாம்பா." எதைப் பார்ப்பது?

வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கும் பயம்தான். குழந்தைக்குச் சளி. அவளை இதுவரை அவள் அப்பாவிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டதில்லை. சாயங்காலம் தட்டை செய்து பார்த்தேன்... தயிர் ஓடுகிறது, நெத்திலி கருகிவிட்டது. இருந்தாலும் போகிறேன்.

ஆனால் நான் ஒருத்தி மட்டும் போய் நின்றால், அண்ணன் அவருடைய அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பார்?

நல்லபடியாகப் போய் வாருங்கள் அக்கா. உங்கள் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ஆபீஸ் தோழிகளே, இதற்குக் கும்பிடுகிற கை வேண்டாம். சனிக்கிழமை வருகிறீர்களா இல்லையா, தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.