என் இதயத்தைப் படத்தில் பார்த்தவன்

மனைவி இறந்த பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். பிள்ளைகள் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒருநாள் மாடிப்படி ஏறும்போது யாரோ நெஞ்சை அழுத்திப் பிடித்தது போலிருந்தது.

தெருமுனை கிளினிக் டாக்டர் பழைய ஆள். இதய ரத்தக் குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராமில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. படம் எடுத்தால் அடைப்பு போய்விடுமா என்று கேட்டு மாத்திரை கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியின் இளம் டாக்டரோ, படம் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கார் ஓட்டுவது என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்: நோயாளியிடம் எதையும் சொல்லக் கூடாது. பயந்தால் இதயத்துக்கு ஆகாதாம். கூட யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் இருவரும் கேட்டார்கள்.

என் இதயத்தைப் பற்றி என்னைத் தவிர யாரிடமாவது பேசுவார்களாம்; அந்த யாராவதுக்கு நான் எங்கே போவது? எரிச்சலாக வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனேன். படம் எடுக்கும் நாளில் என்னை ஏற்றி வந்த டாக்சிக்காரனைக் காட்டி, "தம்பி மகன்" என்று சொல்லிவிட்டேன். அவன் சாலாக் செலாத்தான் பகுதி ஆள். கோயில் பக்கத்து டாக்சி ஸ்டாண்டில் பார்த்த பழக்கம், வாய் நிறைய 'அங்கிள்' என்பான், அவ்வளவுதான். என்னை ஒருமுறை பார்த்தான். மறுக்கவில்லை.

தொடை வழியாகக் குழாய் போனது. சாயமருந்து இறங்கியதும் உடம்பெல்லாம் சூடு பரவியது. எல்லாம் முடிந்ததும் தொடைமேல் மணல் மூட்டையை வைத்து அசையாமல் படுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் அவனுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார். பேனாவால் ஓரிடத்தைத் தொட்டார், பிறகு இன்னோரிடத்தை. அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு தனியாக வந்து என் கட்டிலருகே நின்றான்.

"ஒன்னும் இல்லலா. லேசா அடைப்பாம். சின்ன ஆபரேஷன் பண்ணிட்டா சரியாப் போயிருமாம்." என் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். "நானே வந்து கூட்டிட்டுப் போறேன், பெரியப்பா."

டாக்டர் பக்கத்தில் இல்லை. முறை வைத்துக் கூப்பிட அவனுக்கு எந்த அவசியமும் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. மனைவி போன பிறகு என்னை மனதில் வைத்து யாரும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொந்தம் உள்ள நோயாளிகள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். நம்பியதுபோல் தலையாட்டினேன்.