ஆஞ்சி பார்த்த ஹோட்டல்

வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் ஊரில், மான் வேட்டை தொடங்கும் நவம்பர் வாரக் கடைசியில் ஆண்கள் வீடு தங்க மாட்டார்கள். ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, துப்பாக்கியையும் பீர் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே காட்டுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் தெற்கே பெரிய நகரமான மினியாபொலிஸுக்குப் போவார்கள். மார்லிஸ் ஹாவிஸ்டோவும் அவளுடைய பள்ளிக்காலத் தோழி ரோண்டாவும் கல்யாணமான புதிதிலிருந்தே இப்படித்தான் போய்வருகிறார்கள். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல், இரண்டு இரவு. ஹோட்டலைப் பிடிப்பது எப்போதும் மார்லிஸின் பொறுப்பு.

பொறுப்பு என்பது சின்ன வார்த்தை. மார்லிஸ் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் என்று அவளுக்குப் பார்த்தவுடன் தெரியும். சொல்லவும் செய்வாள். வந்தவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, தள்ளுபடியில் இருப்பதை வாங்கிப் போவார்கள். வீட்டில் கணவன் டுவேனுக்கு ஏரியையும் காட்டையும் தாண்டி எங்கும் போகப் பிடிக்காது. ஆக, அவளுடைய ரசனையை நம்பி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வருவது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடுவாள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஹோட்டல்களை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எந்த ஊரில் கண் விழித்தாலும் அதே பழுப்புக் கம்பளம், சுவரில் அதே படம் என்றால் வீட்டிலேயே படுத்துக் கிடக்கலாமே என்பது அவள் கட்சி. ஒரு கட்டடம், ஒரு முதலாளி, வேறெங்கும் இல்லாத ஒரு ஹோட்டல். அதுதான் வேண்டும். ஹோட்டல்காரர்கள் போடும் படங்களை நம்ப மாட்டாள். தங்கியவர்கள் கோணல்மாணலாக எடுத்துப் போட்ட குளியலறைப் படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பாள். திட்டி எழுதியவர்களை முதலில் படிப்பாள். 'லிஃப்ட் முனகுகிறது', 'காலைச் சாப்பாட்டுக்கு வாஃபிள் சுடும் மெஷின்கூட இல்லை' என்று யாராவது பொரிந்து தள்ளியிருந்தால் அவளுக்கு அந்த இடத்தின் மேல் ஆசை கூடிவிடும். கடைசியாகப் போன் செய்து, ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று கேட்பாள். எடுத்தவர், "இருங்க, போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றால் அந்த ஹோட்டல்தான்.

அறைக் கதவைத் திறந்ததும் ரோண்டா வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு, "அடியே, எங்கடி பிடிச்ச இத?" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மார்லிஸ் ஒரு பனிக்காலத்தை ஓட்டிவிடுவாள்.

ஆஞ்சி கபூட்டோ இந்த வசந்தத்தில்தான் கிழக்கே நியூவர்க் நகரத்திலிருந்து ரோண்டாவின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். மார்லிஸ் கடையில் நிற்கும் நேரத்தில் அவர்கள் இருவரும் ஏரிக்கரையில் நடக்கப் போனார்கள். தண்ணீர் போன்ற காப்பியைக் குடித்தே வளர்ந்த ரோண்டா, திடீரென்று கறுப்பாக, சின்னக் கோப்பையில் குடிக்க ஆரம்பித்தாள். "ஆஞ்சி சொன்னா, ஆஞ்சி சொன்னா" என்று வாய்க்கு வாய் வந்தது. ஆகஸ்டில் ஒருநாள், "ஆஞ்சியும் வரட்டுமேடி, பாவம், அவளுக்கு இங்க யார தெரியும்?" என்றாள். மார்லிஸ் சிரித்தாள். "தாராளமா" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்த வாரம் மூவரும் ரோண்டாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் ஒரே ஒரு எலுமிச்சைக் கேக் துண்டு மிச்சமிருந்தது. டுலூத்தில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் பாதியாக வெட்டி, கடைசியில் விரல்நுனி அளவு துணுக்கு தட்டிலேயே காய்ந்து போகும். ஆஞ்சி பேசிக்கொண்டே அதை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதே மார்லிஸ் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆனால் அவள் ஊர் வழக்கப்படி வாயைக் கொடுத்தாள். "இந்தத் தடவை ஹோட்டல நீங்க பாருங்களேன், ஆஞ்சி. புதுசா வர்றீங்க."

இதற்கு என்ன பதில் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். 'ஐயோ, நான் எதுக்கு, நீங்களே பாருங்க' என்று ஒருமுறை மறுக்க வேண்டும். இவள் இன்னொரு முறை வற்புறுத்த, அவள் இன்னொரு முறை மறுக்க, 'சரி, நீங்க இவ்வளவு சொல்றதால' என்று இவள் அலுத்துக்கொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆஞ்சி விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினாள். "சரி, நான் பாக்கறேன்" என்றாள்.

மார்லிஸ் ரோண்டாவைப் பார்த்தாள். ரோண்டா காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள்.

செப்டம்பரில் ஆஞ்சி ஹோட்டலின் பெயரை அனுப்பினாள்: லிண்டன் ஹவுஸ். பழைய மாவு மில் கம்பெனியின் அலுவலகக் கட்டடம், ஆறு மாடி, ஒரு அக்காவும் தம்பியும் நடத்துவது. மார்லிஸ் குறை தேடி உட்கார்ந்தாள். கோணல் படங்கள் எல்லாவற்றிலும் குளியலறை பளிச்சென்று இருந்தது. திட்டியவர்கள் இருவர்தான். ஒருவருக்குத் தெருவில் போகும் ரயிலின் மணிச்சத்தம் பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு அறையில் தொலைக்காட்சி சின்னது. இரண்டுமே அவளுக்குப் பிடித்த குறைகள்.

"அந்த ஹோட்டலு உன்ன என்னடி பண்ணுச்சு?" என்றான் டுவேன், வேட்டைக் காலணிக்கு எண்ணெய் தடவியபடி. "முறைச்சுப் பாத்துட்டே இருக்க."

"சும்மா பாக்கறேன்."

"போன வருஷம் கூட வேட்டைக்கு வந்த ஓலி, மானுக்குக் காத்துக்கிட்டு நான் உக்கார்ற மரத்துல ஏறி உக்காந்துக்கிட்டான். நானும் அவன இப்படித்தான் சும்மா பாத்தேன்."

மறுநாள் மதிய இடைவேளையில் மார்லிஸ், கடையின் பின்கட்டில் நின்று, வேறு பெயர் சொல்லி லிண்டன் ஹவுஸுக்குப் போன் செய்தாள். ஹீட்டர் சத்தம் போடுமா, கம்பளத்தில் நாற்றம் உண்டா என்று நோண்டினாள். இல்லவே இல்லை என்றது மறுமுனை. கடைசியில், வேண்டா வெறுப்பாக, ஐந்தாவது மாடியிலிருந்து என்ன தெரியும் என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்க மேடம், மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றான் அந்தப் பையன்.

மார்லிஸ் போனை வைத்துவிட்டாள். அவன் மூச்சிரைக்க இறங்கி வந்து காலி லைனில் பேசியிருப்பான் என்ற நினைப்பு அன்று முழுவதும் உறுத்தியது. ஆனால் அதைவிட, அந்த ஹோட்டல் தன் கண்ணில் முதலில் படாமல் போயிற்றே என்பதுதான் உறுத்தியது.

நவம்பரில் கிளம்பியபோது வண்டி ரோண்டாவுடையது. எப்போதும் முன்சீட்டில் உட்காரும் மார்லிஸ், "நீங்க முன்னாடி உக்காருங்க, ஆஞ்சி" என்றாள்; சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆஞ்சி உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேரின் கோட்டுகளோடு பின்சீட்டில் மார்லிஸ். முன்னால் இரண்டு தலைகளும் ஏதோ சொல்லிச் சிரித்தன. ஹீட்டர் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. என்ன என்று கேட்கவும் மனம் வரவில்லை.

லிண்டன் ஹவுஸின் முன்கூடத்தில் பழைய பளிங்குத் தரை. மாடிகளிலிருந்து கீழே தபால் போடும் பழைய பித்தளைக் குழாயைப் பிடுங்காமல் சுவரிலேயே விட்டிருந்தார்கள். கணப்பில் நிஜ விறகு எரிந்தது. ரோண்டா பையைக் கீழே போட்டாள்.

"அடியே ஆஞ்சி, எங்கடி பிடிச்ச இத?"

மார்லிஸ் குனிந்து காலணியிலிருந்த பனியைத் தட்டினாள். தட்ட அவ்வளவு பனி இல்லை.

ஆஞ்சி கவுண்டரிலிருந்து இரண்டு சாவிகளோடு திரும்பினாள். "ஒண்ணுல ரெண்டு கட்டில், ஒண்ணுல ஒத்தக் கட்டில். யார் யார் கூட?"

"எனக்கு எதுன்னாலும் சரி" என்றாள் ரோண்டா.

"எனக்கும்தான்" என்றாள் மார்லிஸ். வாய் பழகிய தடத்தில் தானாக ஓடியது. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க. நான் தனியா இருந்துக்கறேன், எனக்கென்ன."

"சரி" என்று ஆஞ்சி ஒற்றைக் கட்டில் சாவியை நீட்டினாள்.

மார்லிஸ் கை நீட்டவில்லை. சாவி அந்தரத்தில் நின்றது. கவுண்டர் பையன் கணினிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

"இல்ல" என்றாள். குரல் தான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "எனக்கு எதுன்னாலும் சரி கிடையாது. ரோண்டா கூட நான்தான் இருக்கணும். முன்சீட்டும் எனக்குத்தான் வேணும். ஹோட்டலும் நான்தான் பாக்கணும். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் உங்கள பாக்கச் சொன்னேன்."

ஆஞ்சி சாவியைக் கீழே இறக்கினாள். "பேச்சுக்கா? ஆகஸ்ட்லயா? அப்பவே 'தர மாட்டேன்'னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. பத்து வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. இந்த ரோண்டா உன் ஹோட்டல்களப் பத்திப் பேசிப் பேசியே என் உயிர எடுத்துட்டா. மார்லிஸ் பிடிச்ச இடத்துல குளிக்கிற தொட்டிக்குச் சிங்கக்கால் இருந்துச்சு, மார்லிஸ் பிடிச்ச இடத்துல மொட்ட மாடில தேனீ வளத்தாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

அவள் கழுத்து சிவந்திருந்தது. மார்லிஸ் அந்த நிறத்தைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டாள். சில மாதங்களாகத் தன் குளியலறைக் கண்ணாடியில் தினமும் பார்த்த நிறம்.

இருவரும் ரோண்டாவைப் பார்த்தார்கள். அவள்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ரோண்டா கையுறைகளை மெதுவாக உருவினாள். "உண்மைதான் பேசறோமா? அப்ப நானும் சொல்றேன். எனக்கு அந்த ஒத்தக் கட்டில் ரூம் வேணும்."

"தனியாவா?" என்றாள் மார்லிஸ்.

"தனியா. எத்தன வருஷமா ஆசப்படறேன் தெரியுமா? வீட்டுல என் புருஷன் குறட்ட, இங்க நீ வந்து, திரைச்சீல துணியப் பாரு, விளக்க பாருன்னு தூங்கவே விடமாட்ட. கேட்டா வருத்தப்படுவியேன்னு கேக்கல." ஆஞ்சியின் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். "சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கடி" என்று சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு கட்டில் அறையில் மார்லிஸும் ஆஞ்சியும் பைகளைப் பிரித்தார்கள். மார்லிஸ் வாயைத் திறக்காமலே திரைச்சீலைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். கனமான கம்பளித் துணி, கையால் விளிம்பு தைத்தது. ஆஞ்சி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?" என்றாள் கடைசியில்.

"பரவால்ல" என்றாள் மார்லிஸ். டுலூத்தில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது என்பது நியூவர்க்காரிக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க மார்லிஸுக்கும் மனம் வரவில்லை.

அப்போது பக்கத்து அறையிலிருந்து சிரிப்பு கேட்டது. ரோண்டாதான். சின்னச் சிரிப்பு அல்ல. மூச்சு முட்டி, நிறுத்தி, மறுபடி வெடித்து வரும் சிரிப்பு.

"யார்கிட்ட பேசறா?" என்றாள் ஆஞ்சி.

"தெரியல. அவ புருஷன் காட்டுல இருக்கான், அங்க போன் எடுக்காது."

"டிவியா இருக்கும்."

"டிவி பாத்து அவ சிரிக்க மாட்டா."

இருவரும் காது கொடுத்தார்கள். மறுபடியும் சிரிப்பு. "அட, நீ சும்மா இரு" என்ற குரல் தெளிவாகக் கேட்டது.

"என்கூட இப்படிச் சிரிச்சதில்ல" என்றாள் ஆஞ்சி, மெதுவாக.

என்கூடச் சிரித்திருக்கிறாள் என்று சொல்ல மார்லிஸ் வாயெடுத்தாள். யோசித்துப் பார்த்தாள். எப்போது என்று நினைவுக்கு வரவில்லை. நாற்காலியைத் தூக்கிப்போய், ரோண்டாவின் அறைப் பக்கச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு, ஆஞ்சிக்கும் இடம் இருக்கட்டும் என்று கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

"இன்னொரு நாற்காலி அங்க இருக்கு. எடுத்துட்டு வா" என்றாள்.