விலகி நின்றவள்

இந்தோனேசியாவின் கெடிரி ஊரில் வுர்யானியும் எண்டாங்கும் டேபிள் டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் சக்கைப்போடு போட்டவர்கள். ஒருத்தி அடித்ததும் விலகுவாள். அடுத்த பந்து மற்றவளுக்கு. தலைவர்களின் நாற்காலிச் சண்டையில் ஆட்டச் சங்கம் இரண்டாக உடைந்தது. ஒன்றில் ஆடினால் மற்றதில் தடை. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஜோடி போயிற்று. இருவரும் ஆட்டத்தையே விட்டார்கள்.

பல வருஷம் கழித்து இப்போது அந்தத் தலைவர்கள் கூடிக் குலாவுகிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்! ஒன்றான சங்கத்தின் மூத்தோர் போட்டியில் இந்த இருவரையும் ஒற்றையர் ஆட்டத்தில் எதிரெதிரே நிறுத்தினார்கள்.

ஆட்ட வழக்கப்படி எண்டாங் எதிராளியின் மட்டையை வாங்கிப் பார்த்தாள். "ஏண்டி, ரப்பர் இப்படிக் காஞ்சு கெடக்கு? சோயா தெம்பே பொரிக்கவா வச்சிருந்த?"

"வாயை மூடிட்டுப் பந்தப் போடுடி," என்றாள் வுர்யானி.

எண்டாங் போட்ட பந்தை வுர்யானி அடித்தாள். அடித்த கையோடு, தோழிக்கு வழிவிட்டு ஓரமாய் விலகி நின்றாள்.

திரும்பி வந்த பந்தை அடிக்க அங்கே யாரும் இல்லை.