நான் அடக்கம் செய்த ரெனிஷ்

ஒரே ஒரு நாளைத் தவிர, தேதி, மணி, பஸ் நேரம் எல்லாம் என் டைரியில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் கீரிப்பாறைக்கு வந்தால் அந்த மரத்தையே காட்டுவேன். குடிகாரன் உளறுகிறான் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது நடந்த அன்று நான் குடியை விட்டு எழுபத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

என் பெயர் ரெனிஷ். கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன், அதாவது மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுக்கிறேன். 2023 ஏப்ரலில் என் மனைவி ஜெமி, எங்கள் மகள் அஜிஷாவைக் கூட்டிக்கொண்டு களியக்காவிளைப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பு என்னுடையதுதான். போதையில் நான் எறிந்த தட்டு பிள்ளையின் நெற்றியில் பட்டது. எட்டு வயசுப் பிள்ளைக்கு மூன்று தையல். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஜூன் மாதம் நானே போய்க் குடியை நிறுத்தும் மையத்தில் சேர்ந்தேன். அங்கே ஆலோசகர் சுபிதா மேடம் ஒரு வேலை கொடுத்தார்.

"தினமும் டைரி எழுதுங்க ரெனிஷ். நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியணும். பொய் மட்டும் எழுதாதீங்க. தொண்ணூறு நாள் விடாம எழுதினா, ஜெமிகிட்ட நானே பேசுறேன்."

அந்தத் தொண்ணூறு நாளைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன்.

புதுவருஷத்துக்கு எங்கள் சபையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு வேத வசனம் அச்சடித்திருக்கும். அதில்தான் எழுதினேன். காலை ஐந்து மணிக்கு மரம் வெட்டத் தொடங்கினால் எட்டுக்கு முடியும். பால் சொட்டி, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டை நிறையப் பத்து மணி ஆகும். அந்த இரண்டு மணி நேரம் மேட்டுப் பாறையில் உட்கார்ந்து எழுதுவேன். தோட்டத்தில் போனுக்கு டவர் கிடைப்பதும் அந்தப் பாறையில் மட்டும்தான்.

ஆகஸ்டில் மேடம் போனில் சொன்னார். "பழைய ரெனிஷுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. எல்லாத்தையும் கொட்டுங்க. முடிஞ்சதும் அதை எரிச்சிடுங்க."

ஆகஸ்ட் 20, ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து டைரியிலேயே எழுதினேன். நாலு பக்கம். குடிக்கிறவன் நீ, பொய் சொல்கிறவன் நீ, பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்த பிறகும் மறுநாள் குடித்தவன் நீ. ரோட்டில் நின்று பாடுகிறவனும், ஊரையே சிரிக்க வைக்கிறவனும், ஜெமி காதலித்தவனும் நீதான். எல்லாரும் சேர்ந்து செத்துத் தொலையுங்கள் என்று எழுதினேன்.

தாளைக் கிழித்துத் தீக்குச்சியையும் உரசிவிட்டேன். கை வரவில்லை. நாலு தாளிலும் வசனம் இருக்கிறதே... எங்கள் வீடுகளில் கிழிந்த பைபிளைக்கூட எரிக்க மாட்டோம், மண்ணில் புதைப்போம். அதனால் என் நிரையில், நான் வெட்டுகிற மர வரிசையில், பதினேழாவது மரத்தின் அடியில் குழி தோண்டினேன். சும்மா மூடவும் மனசு கேட்கவில்லை. கல்லறையில் போதகர் சொல்கிற அடக்க ஜெபத்தை முழுசாகச் சொன்னேன். செத்தவன் பெயரைச் சொல்லும் இடத்தில் என் பெயரைச் சொன்னேன். மூன்று பிடி மண் போட்டேன். அதைப் பக்தி என்று நினைத்தேன், மடையன்.

அன்று முதல் குடிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஞானசிங் அண்ணன் என்ன கேலி பண்ணினாலும் மரம் மாதிரி இருந்தேன்.

ஆகஸ்ட் 23, காலை 8.20. பாறையில் இருந்தபோது ஜெமி கூப்பிட்டாள். நாலு மாதத்தில் முதல் தடவை.

"நேத்து எதுக்கு வந்திய?"

"எங்கே?"

"நடிக்காதிய. குடிச்சிட்டு வந்து கெணத்தடியில நின்னு பாடிட்டிருந்திய. பிள்ள பயந்து நடுங்குது."

"ஏட்டி, நான் இங்கதான் இருந்தேன். ஞானசிங் அண்ணன்கிட்ட கேளு."

"ராத்திரி மணி ஏழே முக்கால். நான் கண்ணால பாத்தேன்."

போனை வைத்துவிட்டாள். இங்கிருந்து அவள் ஊருக்கு மூன்று பஸ் மாற வேண்டும். சாயங்காலம் கடைசி பஸ் 5.50க்கே போய்விடும், அதற்குப் பிறகும் நான் குவார்ட்டர்ஸில்தான் இருந்தேன். எனக்கு பைக்கும் இல்லை. விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்ன அந்த நாள், நான் அடக்கம் செய்து மூன்றாம் நாள்.

அதன் பிறகு இன்னும் நாலு தடவை வந்ததாகச் சொன்னாள். அஜிஷா ஜன்னல் பக்கமே போகவில்லையாம். இனி வந்தால் போலீசுக்குப் போவேன் என்றாள். பாறையில் முட்டிபோட்டு அழப் பார்த்தேன். கண்ணீரும் வரவில்லை.

செப்டம்பர் 5. மேஸ்திரி கோலப்பன் என்னைப் பதினேழாவது மரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏலே, திரும்பவும் குடிச்சியா? பாரு இத."

பட்டையைத் தாண்டிக் கத்தி கட்டைவரை இறங்கியிருந்தது. கை நடுங்குகிறவன் வெட்டுகிற வெட்டு. குடித்த காலத்தில் நான் அப்படித்தான் வெட்டுவேன். அடுத்த மரமும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"நான் வெட்டல அண்ணே."

"பின்னே பேயா வெட்டிச்சு?"

செப்டம்பர் 8, வெள்ளி. இனி நான் சொல்வதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை.

காலை 5.05. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போனேன். மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் மரத்தில் கத்தியை வைக்கப் போனேன். ஏற்கெனவே வெட்டியிருந்தது. சிரட்டையில் பால் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டாவது மரம். வெட்டியிருந்தது. மூன்றாவதும்.

அப்போது கேட்டது.

சர்ரக்... சர்ரக்...

முன்னால் ஒரு லைட். ஒரு மரத்தில் நின்றது. பிறகு அடுத்த மரத்துக்குப் போனது. கூடவே ஒரு முனகல் பாட்டு. நான் குடித்தால் பாடுகிற பாட்டு.

சாராய நாற்றம் அடித்தது.

மணி பார்த்தேன். 5.12.

"யாரது?"

சத்தம் நின்றது. லைட் மெதுவாக என் பக்கம் திரும்பியது. கண் கூசியது. முகம் தெரியவில்லை.

"நாந்தாம்லே."

என் குரல்.

"நீ இருந்து எழுது மக்கா. ஜெமிய நான் பாத்துக்கிடுறேன்."

சிரித்தது. வயிறு குலுங்கச் சிரித்தது.

லைட் அணைந்தது.

ஓடினேன்... விழுந்தேன்... கை பட்டது பதினேழாவது மரத்தின் வேர்.

குழி திறந்திருந்தது.

மண் நாலு பக்கமும் வெளியே சரிந்து கிடந்தது. உள்ளே இருந்து தள்ளின மாதிரி.

உள்ளே ஒன்றும் இல்லை.

பாறைக்கு ஏறி ஜெமிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஒன்பது தடவை அடித்தேன். 6.40 பஸ்ஸைப் பிடித்தேன். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக்கூடாது ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

9.35க்கு அவள் வீட்டு முற்றத்தில் நின்றேன். ஜெமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனையோ நாள் ஆயிற்று.

"எதையும் மறந்து வச்சிட்டியளா? காலையில அஞ்சு மணிக்குத்தானே போனிய?"

நான் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நேத்து வந்து காலப் புடிச்சி அழுதியளே, அதெல்லாம் உண்மைதானா? பழைய மாதிரி சிரிச்சிய, பிள்ளையத் தூக்கி ஆடினிய... அவ உங்க மடியிலயே உறங்கிட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காலாண்டுப் பரீட்சை முடியட்டும். நாங்க வந்துருவோம். இனிக் குடிக்க மாட்டியதானே?"

அது நான் இல்லை என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவன் இன்னும் குடிக்கிறான், அல்லது பைத்தியம் பிடித்துவிட்டது என்று கதவைச் சாத்துவாள். பிள்ளையை நான் பிறகு பார்க்கவே முடியாது. உள்ளே இருந்து அஜிஷா "அப்பா!" என்று ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நெற்றித் தழும்பு என் கையில் பட்டது.

"உண்மைதான்," என்றேன்.

அன்றைய பக்கத்தை நான் எழுதவில்லை. அந்த ஒரு பக்கம் மட்டும் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

செப்டம்பர் 30, சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அதன் பிறகு லைட்டும் வரவில்லை, பாட்டும் கேட்கவில்லை. மரத்திலும் காயம் இல்லை. ஒழிந்தது என்று நினைத்தேன். முதல் தடவையாக நன்றாக உறங்கினேன்.

அக்டோபர் 20. ஜெமிக்குத் தலைசுற்றல் என்று நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொன்னார். கடைசியாக விலக்கான நாளிலிருந்து எண்ணி எட்டு வாரமாம்.

ஜெமி வீட்டுக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

வெளியே வராந்தாவில் அவள் வெட்கப்பட்டுக்கொண்டு என் காதில் சொன்னாள். "அன்னைக்கு ராத்திரிதான். நீங்க அழுதுட்டு வந்திய பாத்தியளா... அன்னைக்கு." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க முயன்றேன்.

போன மே மாதக் கடைசியில் பையன் பிறந்தான். ஜெமிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. பிள்ளையைத் தூக்கும்போது என் கை சில்லிட்டுப் போகும், அதையும் அவளிடம் சொன்னதில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்.

"மூக்கு, முழி, சிரிப்பு... அப்படியே ரெனிஷ்தான்."